மோட்டார் சைக்கிளுக்குச் சுருதி கூட்டல்

வீணையின் தந்தியை முறுக்கிச் சுருதி கூட்டுதலையும், மோட்டார் சைக்கிளின் யந்திரத்தைத் திருத்தி அதன் வலியைப் பெருக்குதலையும் ஆங்கிலேயர் ஒரே சொல்லாற் குறிப்பர். பண்டை யாழாசிரியர் நரம்பைப் பண்ணுக்கு இசைய அமைக்குஞ் செயலைப் 'பண்ணல்' என வழங்கினர். நம் ஊர்ப் பட்டறைகளில் இன்று வழங்குஞ் சொல் 'டியூனிங்' என்பதே. இலக்கியம் பயிலும் மாணவனுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். எங்கள் வீட்டுத் திண்ணையருகே நிற்கும் ஒரு பழைய வண்டியும், என் தமையனாரின் சட்டைப்பையில் ஒரு திங்களாக மடிந்து கிடந்த ஒரு தாளுமே என்னை இத்துறையிற் புகுத்தின.

வண்டி, யமஹா ஆர்.எக்ஸ். 100 என்பது. எம் தந்தையார் 1994 இல் வாங்கியது. அவ்வகை வண்டி நம் நாட்டில் 1985 முதல் 1996 வரை செய்யப்பட்டது. புகை பற்றிய விதிகள் கடுமையானபின் நின்றுபோயிற்று. தாள், பட்டறைக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த கணக்கு. போர் போட்டுப் புதுப் பிஸ்டன் இடுதற்கு 3,200 ரூபாய், போர்ட்டிங் என்னும் துளை திருத்தத்திற்கு 4,000, ஹெட் கடைதலுக்கு 1,200, பெரிய கார்புரேட்டருக்கு 4,500, பந்தயச் சைலன்சருக்கு 7,500, கூலி 2,600, ஆகமொத்தம் 23,000 ரூபாய். தமையனார் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதத்தில் மிச்சம்பிடித்த தொகையோ 25,000. இவ்விரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நின்றமையே எனக்கு அச்சத்தை விளைத்தது. ஒவ்வொரு வரிக்கும் பொருள் யாது, கொடுக்கும் பணத்துக்கு வண்டி எதைத் திருப்பித் தரும் என்று ஆராயப் புகுந்தேன். அறிந்தவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

இவ்வண்டியின் யந்திரம் 'டூ ஸ்ட்ரோக்' வகை. புல்லட் முதலிய வண்டிகளில் கிராங்க் இருமுறை சுழல, ஒருமுறை வெடி நிகழும். இதிலோ ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு வெடி. காற்றை விடவும் தடுக்கவும் தலையில் வால்வுகள் இல்லை. சிலிண்டரின் சுவரிலேயே துளைகள் உள. மேலுங் கீழுமாய் ஓடும் பிஸ்டனே கதவாகி அவற்றைத் திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலேறும்போது மேற்புறத்துக் கலவை அமுக்கப்படுகிறது. அதே வேளையில் கீழறைக்குள் புதுக்கலவை ஈர்க்கப்படுகிறது. வெடித்தபின் பிஸ்டன் இறங்க, முதலில் புகைத்துளை திறக்கிறது. சற்றே தாழ்ந்ததும் கீழறையில் நெருக்குண்ட புதுக்கலவை பக்கத்துளைகள் வழியாக மேலே பாய்ந்து, எஞ்சிய புகையை உந்தித் தள்ளுகிறது. வருவதும் போவதும் ஒரே காலத்தில் ஒரே அறையில் நிகழ்கின்றன. சந்தைநாளிற் பேருந்தின் ஒற்றை வாயிலில் இறங்குவோரும் ஏறுவோரும் முட்டிக்கொள்ளுங் காட்சியை நினைத்துக்கொள்க. புகையோடு புதுக்கலவையுஞ் சிறிது வெளியே ஓடிவிடும். இவ்விழப்பைக் குறைப்பதிலேதான் இவ்வகை யந்திரத்துக்குச் சுருதி கூட்டுவோனின் திறமை முழுதும் அடங்கியுள்ளது.

தாளின் முதல் வரியாகிய 'போர் போடுதல்' குறித்து என் தமையனாருக்கு ஒரு மயக்கம் இருந்தது. சிலிண்டரை அகலக் கடைந்தால் யந்திரம் பெரிதாகி வலி கூடுமென அவர் எண்ணினார். கணக்கிட்டுப் பார்த்தோம். சிலிண்டரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடுந் தொலைவும் 50 மில்லிமீட்டர். கொள்ளளவு ஏறத்தாழ 98 கன செண்டிமீட்டர். கால் மில்லிமீட்டர் கடைந்தால் அது 99 ஆகும், அவ்வளவே. ஆகவே போர் போடுவது வண்டியைப் பெரிதாக்குவதற்கன்று. தேய்ந்து முட்டைவடிவான சிலிண்டரை மீண்டும் வட்டமாக்கி, பிஸ்டன் வளையங்கள் அமுக்கத்தைக் கசியவிடாமற் காப்பதற்கே. இழந்த உடல்நலத்தை மீட்பது வேறு, பிறவியில் இல்லாத வலிமையை ஊட்டுவது வேறு. பட்டறைத் தாள் இவ்விரண்டையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டிவிடுகிறது.

இரண்டாம் வரி, துளை திருத்தம். புகைத்துளையின் மேல்விளிம்பை அரத்தால் ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால், அது சற்று முன்னதாகத் திறந்து, சற்றுத் தாமதித்து மூடும். கிராங்க் சுழற்சியில் ஏறத்தாழ 5 பாகை அதிகமாகத் திறந்திருக்கும். மிக விரைந்து சுழலும்போது புகை வெளியேறக் காலம் போதாமையால் இது நன்மை பயக்கும். மெல்லச் சுழலும்போதோ அந்த அதிகப்படி காலத்தில் புதுக்கலவை ஓடிப்போகும். அதாவது, உச்சவேகத்தில் வலி கூடும். கடைத்தெருவில் இரண்டாங் கியரில் ஊர்ந்து செல்லும்போது வண்டி மூச்சுத்திணறும். இது கொடுக்கல் வாங்கல். இலவசமாக வருவது யாதுமில்லை. மேலும், அராவி எடுத்த இரும்பை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. தாளிற் கண்ட ஏனைய மாற்றங்களைப் பணத்தாற் சரிசெய்யலாம். இதைச் சரிசெய்ய வேறொரு சிலிண்டர் தேடவேண்டும். உற்பத்தி நின்று பல்லாண்டு கழிந்த வண்டிக்கு நல்ல பழைய சிலிண்டர் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை அவ்வண்டி வைத்திருப்போர் அறிவர்.

இனிச் சைலன்சர். தாளில் மிகப் பெரிய தொகை இதற்கே. எனக்கு மிகுந்த வியப்பை அளித்த பகுதியும் இதுவே. ஆதலின் சற்று விரித்துரைப்பேன்.

புகைத்துளை திறந்தவுடன் குழாய்க்குள் ஓர் அமுக்க அலை பாய்கிறது. வெப்பமான புகையில் அவ்வலை விநாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் செல்லும். குழாய் ஓரிடத்தில் கூம்புபோல் விரிந்தால், அங்கிருந்து ஓர் உறிஞ்சும் அலை திரும்பி வந்து, சிலிண்டரிலுள்ள புகையை இழுத்துவிடும். அப்பாற் குழாய் மீண்டும் குறுகினால், அங்கு மோதிய அலை தள்ளும் அலையாகத் திரும்பி வந்து, துளைவழியே நழுவிய புதுக்கலவையை மீண்டுஞ் சிலிண்டருக்குள் அடைத்துவிடும். கதவில்லாத வீட்டிற்குக் காற்றே கதவாக நிற்பது போன்றது இது. ஆனால் அவ்வலை உரிய கணத்தில் வந்து சேரவேண்டும். நிமிஷத்துக்கு 7,500 சுழற்சி என்றால், ஒரு சுழற்சிக்கு ஆயிரத்தில் 8 விநாடி. அதிற் பாதிக்காலம் துளை திறந்திருக்குமெனக் கொள்க. ஆயிரத்தில் 4 விநாடி. அந்நேரத்தில் அலை 2 மீட்டர் செல்லும். போக 1 மீட்டர், வர 1 மீட்டர். ஆகவே குறுகுமிடம் ஏறத்தாழ 1 மீட்டருக்குள் அமையவேண்டும். 9,000 சுழற்சியில் வலி வேண்டுவோன் அதனை 83 செண்டிமீட்டர் அளவிற்குச் சுருக்கவேண்டும். புல்லாங்குழலின் நீளத்தால் அதன் சுருதி அமைவதுபோல, இக்குழாயின் நீளத்தால் யந்திரத்தின் சுருதி அமைகிறது. சுருதி என்ற சொல் இங்கே உவமையன்று, உண்மை.

இவ்வித்தையை முறைப்படுத்தியவர் வால்ட்டர் காடன் என்னும் ஜெர்மானியர். கிழக்கு ஜெர்மனியின் ஸ்சோபாவ் நகரத்து எம்.இசட். தொழிற்சாலையில், பொருள்வசதி குறைந்த நிலையில், 1950களில் அவர் உழைத்தார். 1961 இல் அவருடைய 125 கன செண்டிமீட்டர் பந்தய யந்திரம் 25 குதிரைச் சக்தி அளித்தது. அதாவது லிட்டருக்கு 200. காற்றை வலிந்து ஊட்டாத யந்திரமொன்று அவ்வளவை எட்டியது அதுவே முதன்முறை. எங்கள் வீட்டு வண்டி, 98 கன செண்டிமீட்டருக்குப் 11 குதிரைச் சக்தி, லிட்டருக்கு 112 என்ற அளவில் நிற்பது. அதே 1961 செப்டம்பரில், சுவீடனில் நடந்த பந்தயத்தை அடுத்து, எம்.இசட். ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிச்சென்று ஜப்பானியச் சுசூகி நிறுவனத்திற் சேர்ந்தார். அடுத்த ஆண்டே சுசூகியில் ஏறி 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். கூம்பின் அளவுகளும் துளைகளின் உயரமும் ஒரு நாட்டின் எல்லையைக் கடந்து சென்றன. காடனை நினைக்கும்போது எனக்கு இரக்கமே மேலிடுகிறது.

இத்துணை நுண்ணிய கணக்கு ஒளிந்திருக்கும் பொருளை, 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று எழுதிக் கடையில் தொங்கவிட்டிருப்பதைக் கண்டால் நகைப்பதா வருந்துவதா? அக்குழாய் பெரும்பாலும் ஓசையை மட்டும் பெருக்கும். ஓசை பெருகியவுடன் வேகமும் பெருகிற்றென்று நம் செவி நம்மை ஏமாற்றும்.

அடுத்துக் கார்புரேட்டர். பெட்ரோல் ஒரு பங்கு முற்றும் எரிய, நிறையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். உச்சவலிக்குச் சற்றே பெட்ரோல் மிகுந்த கலவை, ஏறத்தாழ 13 பங்கு காற்று, ஏற்றது. குழாயும் துளையும் மாற்றினால் யந்திரம் அதிகக் காற்றை உட்கொள்ளும். ஆகவே பெட்ரோல் விடும் 'ஜெட்' என்னும் சிறு பித்தளைத் துளையும் பெரிதாகவேண்டும். இல்லையேற் கலவை வறண்டு, உஷ்ணம் எல்லை மீறும். டூ ஸ்ட்ரோக் யந்திரத்திலோ பிஸ்டனுக்கு நெய்ப்பூட்டும் எண்ணெயும் பெட்ரோற் கலவையோடு சேர்ந்தே வருகிறது. எரிபொருள் குறைந்தால் உஷ்ணம் ஏறும். உஷ்ணம் ஏறினால் பிஸ்டன் பருத்துச் சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும். பட்டறைக்காரர் இதனை 'சீஸ்' என்பர். ஓடுகின்ற வண்டியின் பின்சக்கரம் அக்கணமே நின்றுவிடும்.

எங்கள் தெருவிலுள்ள இளைஞர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு இது நேர்ந்தது. துளை திருத்தி, பந்தயக் குழாய் மாட்டி, ஜெட்டை மட்டும் பழையபடியே விட்டிருந்தனர். புறவழிச்சாலையில் முழு விசையில் சில நிமிஷம் ஓடியபின் சக்கரம் நின்றது. கிளட்சைப் பிடிக்க அவருக்குக் காலம் இருக்கவில்லை. காறையெலும்பு முறிந்ததோடு தப்பினார். பின்னே லாரி ஒன்றும் வராமையே காரணம். யந்திரத்தைப் பிரித்தபோது யானும் அருகிலிருந்தேன். பிஸ்டனின் புகைத்துளைப் பக்கம் நகத்தாற் கீறியதுபோல் நெடுக உரிந்திருந்தது. பிளக்கின் பீங்கான் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. அவர் செலவிட்டது பதினாயிரத்துக்கு மேல். விடுபட்ட ஜெட்டின் விலை ஒரு வேளை உணவின் விலைக்கு மேற்படாது. என் தமையனார் அப்பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்தார். அன்றிரவே தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் முன் விரித்தார்.

ஜெட்டைச் சோதிக்கும் முறை எளிது. வண்டியை முழு விசையில் சற்று ஓட்டி, கிளட்சைப் பிடித்து யந்திரத்தை அப்படியே நிறுத்திவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். வெண்மை வறட்சியைக் காட்டும். ஈரக்கரி பெட்ரோல் மிகுதியைக் காட்டும். காப்பிக்கொட்டை நிறம் நன்று. பெரிய ஜெட்டிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சிறிதாக்கி வருவதே பாதுகாப்பான வழி. சிறிதிலிருந்து தொடங்குவோன் முதற் சோதனையிலேயே பிஸ்டனை இழக்க நேரும்.

ஹெட் கடைதல் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. தலையின் அடிப்பாகத்தை லேத்தில் மெல்லியதாகச் சீவினால் வெடியறை சுருங்கி அமுக்கம் கூடும். சிறிது வலி கிடைக்கும். மிகுதியாகச் சீவினால் கலவை தானே வெடித்துச் சுத்தியலால் தட்டுவதுபோல் ஒலிக்கும். அவ்வொலி கேட்டபின்னும் ஓட்டுவோன் பிஸ்டனில் ஓட்டை காண்பான்.

இவ்வளவுஞ் செய்தால் வேகம் எவ்வளவு கூடும்? இங்கே இயற்கை ஒரு கடுமையான வட்டிக்கடை வைத்திருக்கிறது. வேகம் மிகும்போது வண்டியின் பெரும்பகைவன் காற்று. அதை எதிர்க்க வேண்டிய வலி, வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 11 குதிரைச் சக்தியால் மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடும் வண்டி 110 ஓட, 1.1ஐ மும்முறை பெருக்கிய 1.33 பங்கு, அதாவது ஏறத்தாழ 14.6 குதிரைச் சக்தி வேண்டும். யந்திரத்தின் வலியில் மூன்றில் ஒரு பங்கைப் புதிதாகப் படைத்து, வேகத்திற் பத்தில் ஒரு பங்கைப் பெறுகிறோம். பிரேக்கு அடக்கவேண்டிய ஆற்றலோ 1.21 பங்காகிறது, முன்னும் பின்னும் டிரம் பிரேக்கே உடைய வண்டி இது. தாளில் பிரேக்குக்கு ஒரு வரிகூட இல்லை என்பதைத் தமையனார்தாம் முதலிற் கண்டார்.

எழும்பும் விரைவு மட்டும் வேண்டுவோர்க்கு வேறோர் எளிய வழி உண்டு. செயின் ஓடும் பற்சக்கரத்தில் ஒரு பல் கூட்டினாலோ குறைத்தாலோ, உச்சவேகத்தைச் சிறிது விட்டு ஏற்றவலியைப் பெறலாம், அல்லது மாறாகச் செய்யலாம். குதிரைச் சக்தி கூடாது. ஆயினும் மலைப்பாதையில் செல்வோர் பலர்க்கு வேண்டியது இதுவே. பிடிக்காவிட்டால் பழைய பற்சக்கரத்தை மீண்டும் மாட்டிவிடலாம்.

இக்காலத்து நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளின் நிலை வேறு. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின், ஜெட்டும் ஊசியும் நீங்கி, பெட்ரோலைப் பீய்ச்சும் அளவையும் பொறி எழுங் கணத்தையும் சிறு கணிப்பொறி ஒன்று ஆள்கிறது. அங்கே அரத்திற்குப் பதில் எண்களின் அட்டவணையைத் திருத்துகின்றனர். அல்லது இடையில் ஒரு பெட்டியை இணைத்து, செல்லும் ஆணையை மாற்றுகின்றனர். அரம் பட்டதை மீட்க முடியாது, அட்டவணையை மீட்கலாம். எதுவாயினும் அளந்தறியாமற் செய்தல் குருட்டாட்டமே. பிரெஞ்சுப் பொறியாளர் புரோனி 1821 இலேயே யந்திரத்தின் வலியை அளக்கும் பிரேக்குக் கருவியை அமைத்துவிட்டார். இன்று உருளையின்மேல் சக்கரத்தை ஓடவிட்டு அளக்கும் டைனமோமீட்டர்கள் உள. திருத்துமுன் ஓரளவு, திருத்தியபின் ஓரளவு என எழுதித் தராத பட்டறைக்குப் பெருந்தொகை கொடுத்தல் கூடாது என்பது என் கருத்து.

சட்டத்தையுஞ் சொல்லவேண்டும். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, தொழிற்சாலை குறித்த விவரங்களினின்று மாறுபடும்படி வண்டியைத் திருத்துதலைத் தடுக்கிறது. உச்சநீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, சட்டம் இடந்தராத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சிலிண்டருக்குள் அராவியதைச் சாலையில் நிற்கும் காவலர் காணார். குழாயின் முழக்கத்தை அவர் கேளாதிருத்தல் இயலாது. எங்களுக்கு இன்னுமொரு கவலையும் இருந்தது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குச் சென்று பதிவைப் புதுப்பிக்கவேண்டும். எங்கள் வண்டியின் முறை மீண்டும் 2029 இல் வரும். அப்போது அது சோதனையில் தவறினால், தந்தையார் முப்பது ஆண்டுக்கு மேல் காத்த வண்டி தெருவில் இறங்கவே உரிமையற்றதாகும். வேகமே வேண்டுமென்போர்க்கு அதற்கென்றே இடம் உண்டு. முன்னாளிற் சோழவரத்துப் பழைய விமானத்தளத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் இளைஞர் முறைப்படி ஓட்டி வந்திருக்கின்றனர்.

இறுதியில் நாங்கள் செய்தது இவ்வளவே. வேறொரு பட்டறையில், எங்கள் கண்முன், சிலிண்டரைப் போர் போட்டுப் புதுப் பிஸ்டன் இட்டோம். கிராங்கின் கசிந்த ரப்பர்ச் சீல்களை மாற்றினோம். புகைத்துளையிலும் சைலன்சரின் உட்குழாயிலும் அடைந்திருந்த கரியைச் சுரண்டியபோது, ஒரு கைப்பிடியளவு வந்தது. முப்பதாண்டு யந்திரம் மூக்கடைப்போடு ஓடியிருக்கிறது. கார்புரேட்டரைக் கழுவி, தொழிற்சாலை குறித்த அதே ஜெட்டை இட்டோம். 7,150 ரூபாய் ஆயிற்று. பிரேக்குக் கட்டைகளுக்கும் இரண்டு டயர்களுக்கும் செயினுக்குமாக மேலும் 5,400. திருத்துமுன் நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80ஐ எட்ட, தமையனார் கைக்கடிகாரத்தில் 15 விநாடி கண்டார். பின்னர், அதே சாலையில், அதே விடியற்காலையில் 12 கண்டார்.

கூம்புக் குழாயின் ஆசை அவரை முற்றும் விடவில்லை. என் கணக்கு நோட்டின் கடைசித் தாளில் 83 செண்டிமீட்டர் அளவில் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறார். பந்தயத் தடத்துக்கென வேறொரு பழைய வண்டி கிடைத்தாற் பார்க்கலாம் என்கிறார். தந்தையாரோ திருத்திய வண்டியை ஒரு வாரம் ஓட்டிவிட்டு, வேகத்தைப் பற்றி ஒன்றுங் கேளாமல், "லிட்டருக்கு முப்பத்திரண்டு கொடுத்தது, இப்போது நாற்பதுக்கு மேல் கொடுக்கிறதப்பா" என்று தமையனாரிடம் சொல்லிவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டினார்.